டோக்கன் அடித்த ஆறு ஆணி

மனிதர்களை எண்ணுவதில் டோக்கனை மிஞ்ச இந்தியாவில் ஆள் கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அவரிடம் விட்டிருந்தால் நாட்டின் ஜனத்தொகை ஓர் ஆள் கூடாமல் குறையாமல் கிடைத்திருக்கும். ஒரே சிக்கல், எண்ணி முடிக்கும்வரை யாரையும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பியிருக்க மாட்டார். ஏற்கெனவே வெளியே போயிருந்தவர் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றிருப்பார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. டீமில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் எங்கள் பெயர்கள் தெரியாது, நம்பர்தான். நான் பதிமூணு.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் போன வருஷம் சம்பளம் வாங்கி விளையாடிய விளையாட்டு வீரன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன். என் மனைவி இன்னும் முடிக்கவில்லை.

பெங்களூரில் எதற்கு வேண்டுமானாலும் லீக் ஆரம்பிப்பார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் இன்டோர் லக்ராஸ் லீக். ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் ஒரு பழைய கிடங்கு. தகரக் கூரை, கார்ப்பெட் தரை, சுற்றிலும் இடுப்பளவு பலகை வேலி. ஆட்டக்காரர்கள் கையில் நுனியில் வலை கட்டிய குச்சி. ஒட்டடைக் கம்புக்கும் மீன் வலைக்கும் பிறந்தது மாதிரி இருக்கும். அதில் கல் மாதிரி ஒரு ரப்பர் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, எதிராளி கோலுக்குள் எறிய வேண்டும். ஓடுகிறவனைக் குச்சியால் தள்ளலாம், இடிக்கலாம், பலகையில் சாத்தலாம். இத்தனையையும் சட்டப்படி செய்யலாம் என்று கேள்விப்பட்டதும் ஜீவனஹள்ளியிலிருந்தும் ஸ்ரீராம்புரத்திலிருந்தும் பையன்கள் சாரி சாரியாக வந்து வரிசையில் நின்றார்கள்.

நான் போனது பத்திரிகைக்குக் கட்டுரை எழுத. கிடங்கு வாசலில் நின்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே இருட்டிவிட்டது. கனடாவிலிருந்து வந்திருந்த கோச் திரும்பிப் பார்த்தார். என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு டேப் எடுத்து அளந்தார். கோல் நான்கடி அகலம். நான் எத்தனை என்பது எனக்கும் பிரேசர் டவுன் டெய்லருக்கும் இடையிலான ரகசியம். கோச்சின் கண்கள் கலங்கியதை மட்டும் சொல்கிறேன். இவ்வளவு காலம் பஸ்ஸில் திட்டு வாங்கித் தந்த உடம்புக்கு அன்றைக்குக் கான்ட்ராக்ட் கையெழுத்தானது. நான் கோல்கீப்பர்.

எங்கள் டீமின் பெயர் சூறாவளிகள். ஸ்பான்சர் ஒரு மெத்தைக் கம்பெனி. ஆகவே ஜெர்சியின் முதுகில் சூறாவளி, நெஞ்சில் 'படுத்தால் எழ மனம் வராது'. நாங்கள் ஒவ்வொரு முறை மல்லாக்க விழும்போதும் எதிர்க்கட்சி ரசிகர்கள் இதைக் கோரஸாகப் படித்தார்கள். நிறைய விழுந்தோம்.

முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. தோற்றதற்கு எங்கள் திறமையின்மை ஒரு காரணம்தான். முக்கியக் காரணம் வேறு. லக்ராஸில் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர்தான் ஒரு நேரத்தில் தரையில் இருக்கலாம். மற்றவர்கள் பெஞ்சில். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முக்கால் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒருவன் பெஞ்சுக் கதவு வழியாக வெளியே வர, இன்னொருவன் உள்ளே போக வேண்டும். எங்கள் பையன்களுக்கு உள்ளே போகிற பாதி பிரமாதமாக வந்தது. வெளியே வருகிற பாதி வரவே இல்லை. தரையில் ஏழு பேர் இருப்பார்கள், சில நேரம் எட்டு. ஒருமுறை ஒன்பது பேர் இருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன், பெருமையாகக்கூட இருந்தது. நடுவர் விசில் ஊதுவார், தண்டனை கொடுப்பார், எதிராளி கோல் அடிப்பான்.

ஏண்டா வெளியே வர மாட்டேன் என்கிறாய் என்று கேப்டன் செல்வத்தைக் கேட்டேன். ஸ்ரீராம்புரத்துச் சந்தில் ஹாக்கி ஆடி வளர்ந்தவன்.

"வெளிய போனா திரும்ப சான்ஸ் வராதுணா. சின்னதுல ஒரு வாட்டி தண்ணி குடிக்கப் போனேன். எட்டு வருஷம் அம்பயரா நிக்க வெச்சிட்டானுங்க."

சந்தில் ஆடியவன் யாருக்கும் இது புரியும். கனடாக்காரருக்குப் புரியவில்லை. மூன்று நாள் வகுப்பெடுத்தார், படம் வரைந்தார், கடைசியில் கெஞ்சினார்.

ஐந்தாவது ஆட்டத்தின் இடைவேளையில்தான் கிடங்கின் செக்யூரிட்டி யூனிஃபார்மில் ஓர் ஒல்லியான ஆள் பெஞ்சுக்கு வந்து கோச் முன்னால் நின்று என்னைப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முகத்தில் யாரோ செத்துப்போன துக்கம்.

"சாருக்குச் சொல்லுங்கோ. உங்களாண்ட ஆள் கணக்கு தப்பா கீது. பாக்கவே ஒடம்பு கூசுது."

விசாரித்ததில் கதை வெளியே வந்தது. மனிதர் கோலார் தங்கவயலில் சுரங்கத்தின் கூண்டு வாசலில் நின்றவர். கூண்டு என்றால் ஆட்களை ஏற்றிப் பூமிக்குள் இறக்குகிற லிஃப்ட். கீழே போகிறவன் தன் நம்பர் பொறித்த பித்தளை வில்லையை, அங்கே அதற்கு டோக்கன் என்று பெயர், இவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இவர் அதை ஆணியில் மாட்டுவார். மேலே வந்ததும் திருப்பித் தருவார். ஷிப்ட் முடிந்தும் ஒரு வில்லை ஆணியில் தொங்கினால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம்; அவன் வரும்வரை இவர் வீட்டுக்குப் போகக் கூடாது. கூண்டை ஓட்டுகிறவருக்குத் தட்டித்தான் தகவல். ஒரு தட்டு என்றால் நில். மூன்று தட்டு என்றால் கூண்டில் மனுஷங்க இருக்காங்க, பார்த்துப் போ.

சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. எண்ணுவதை அவர் மூடவில்லை. தினமும் ரயிலில் தங்கவயலிலிருந்து ஒயிட்ஃபீல்டு வந்து இறங்குகிறவர், தன் எதிரும் புதிருமாக உட்கார்ந்த எட்டுப் பேரும் இறங்கிய பிறகுதான் நடப்பார். அதில் ஒருவர் கன்டோன்மென்ட் போகிறவராக இருந்தால் இவரும் அதுவரை போய்த் திரும்புவார், அன்றைக்கு டியூட்டி லேட். ஒருநாள் மாலில் லிஃப்ட் வாசலில் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டார். எட்டுப் பேர் என்று போர்டில் போட்டிருந்ததால் ஒன்பதாவதாக ஏறிய மால் மேனேஜரை இறக்கிவிட்டார். அவரும் இறங்கிவிட்டாராம். டோக்கன் கையைக் காட்டினால் யாராக இருந்தாலும் இறங்கிவிடுவார்கள். அந்தக் கையில் அப்படி ஒரு சர்க்கார் இருந்தது.

கோச் அன்றைக்கே அவரைப் பெஞ்சுக் கதவுக்கு மாற்றினார். அடுத்த வாரம் டோக்கன் ஒரு பையோடு வந்தார். உள்ளே தங்கவயல் காயலான் கடையில் தேடிப் பிடித்த பழைய பித்தளை வில்லைகள், பின்பக்கம் புதிதாக நம்பர் பொறித்தவை, ஒவ்வொன்றிலும் கம்பி வளையம். கூடவே ஒரு பலகை. அதில் ஆறே ஆணி. கதவுக்கு மேலே ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு போல்ட்டையும் வைத்தார்.

விதி எளிது. தரைக்குப் போகிறவன் வில்லையைக் கொடு, ஆணியில் தொங்கும். திரும்பி வந்தால் வாங்கிக்கொள். ஆறு ஆணியும் நிறைந்திருந்தால் ஏழாவது ஆளுக்குக் கதவு திறக்காது. அவன் அழுதாலும் திறக்காது. செல்வம் அழுது பார்த்தான்.

"ஏழு," என்றார் டோக்கன், அவன் நம்பரைச் சொல்லி. "உன் வில்லை உன் கைல இருந்தா நீ மேல கீறே. யாரும் உன் சான்ஸை எடுத்துக்க முடியாது. வில்லை கீதில்ல, அப்பால இன்னா பயம்?"

அவ்வளவுதான். மூன்று நாள் வகுப்பும் கனடா தேசத்து வரைபடங்களும் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. வில்லையைக் கையில் வாங்கியதும் பையன்கள் சமர்த்தாக உட்கார்ந்தார்கள். தங்கள் முறை வரும் என்பதற்குப் பித்தளையில் அத்தாட்சி இருக்கிறதே. நெரிசல் நேரத்து பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் டோக்கன் மாட்டினார், கழற்றினார், மாட்டினார். ஏழு பேர் குற்றம் நின்றது. ஆறாவது ஆட்டத்தில் ஜெயித்தோம். மெத்தைக் கம்பெனிக்காரர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் தலையணை கொடுத்தார்.

உபத்திரவங்களும் இருந்தன. கோச்சுக்கு வில்லை இல்லை என்பதால் அவரைத் தரையில் கால்வைக்க விடவில்லை. பயிற்சிக்கு வந்த கனடாக்காரர் கதவுக்கு வெளியே நின்றபடி குச்சியை எப்படிப் பிடிப்பது என்று அரை மணி நேரம் சைகை காட்டினார். கடைசியில் பூஜ்யம் நம்பர் வில்லை பெற்ற பிறகே உள்ளே வந்தார். பிரேசர் டவுனில் வெற்றிப் பிரியாணி சாப்பிடப் போனபோது எல்லோரிடமும் வில்லை வாங்கிக்கொண்டுதான் ஹோட்டலுக்குள் அனுப்பினார். சாப்பிட்டு முடித்ததும் பதிமூன்றாம் நம்பர் மட்டும் மிச்சம் இருந்தது. ஹோட்டல் முழுக்கத் தேடினார்களாம். நான் பின்வாசல் வழியாகப் போய்ப் பக்கத்துக் கடையில் இரண்டாவது பிரியாணியில் இருந்தேன்.

பெரிய வில்லங்கம் எட்டாவது ஆட்டத்தில் வந்தது. எங்கள் நாலாம் நம்பர் ஆர்வக் கோளாறில் கதவுக்குப் போகாமல் பலகை வேலியைத் தாண்டிக் குதித்துவிட்டான். தரையில் ஏழு பேர். நடுவர் கவனிக்கவில்லை. எதிராளி கவனிக்கவில்லை. செல்வத்திடம் பந்து, முன்னால் வெறும் கோல். அந்த நேரத்தில் டோக்கன் போல்ட்டை எடுத்துத் தண்டவாளத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. செல்வம் நின்றான். எதிராளிகள் நின்றார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். கேலரியில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் கெட்டிலைச் சாய்த்தபடியே நின்று ஒருவர் மடியில் ஊற்றினார்.

"ஏழு ஆள் கீறாங்க," என்று டோக்கன் நடுவருக்கு எடுத்துச் சொன்னார், எங்கள் டீமைப் பற்றி.

நடுவர் நன்றி சொல்லிவிட்டு எங்களுக்குத் தண்டனை கொடுத்தார். கோச் தொப்பியைக் கழற்றிக் கடித்தார். மறுநாள் லீக் ஆபீஸிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது: ஆட்டம் ஓடும்போது இன்னொரு முறை அந்த இரும்பு சத்தம் போட்டால், அதற்குப் பிறகு விழும் கோல் செல்லாது, கதவுக்காரர் சீசன் முடியும்வரை வெளியே.

நான்தான் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். டோக்கன் போல்ட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கை அந்தப் பைப் பக்கம் போகவில்லை.

கடைசி ஆட்டம் வந்தபோது நிலைமை இதுதான். ஆறு டீமில் கடைசி இடத்தில் முடிகிற டீமைக் கலைத்துவிடுவார்கள். நாங்களும் யெலஹங்காக்காரர்களும் சரிசமமாகக் கடைசியில். அவர்களோடுதான் ஆட்டம். தோற்றவன் வீட்டுக்கு. பையன்களுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக விளையாடச் சம்பளம், அது போய்விடும். என் அகலம் மறுபடியும் சாதா அகலமாகிவிடும்.

உடை மாற்றும் அறையில் கோச் ஆங்கிலத்தில் ஆவேசமாகப் பேசினார். எனக்கு எதுவும் நினைவில்லை. கதவோரம் நின்ற டோக்கன் பிறகு சொன்னதுதான் நினைவிருக்கிறது.

"மைன்ஸ் மூடுனப்ப கடைசிக் கூண்ட நான்தான் சாத்தினேன். இன்னொரு கதவ சாத்த வெக்காதீங்கோ."

ஏப்ரல் மாதம், மதியம், தகரக் கூரை. கோல்கீப்பர் கவசம் என்பது ஒரு மெத்தையைச் சுற்றி இன்னொரு மெத்தை. அதைக் கழற்றி ஒரு தரம் பாத்ரூம் போய் வர கால் மணி நேரமும் இரண்டு உதவியாளர்களும் வேண்டும். ஆகவே நான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் தீயாகப் போனது. அவர்கள் ஒன்று அடித்தால் நாங்கள் ஒன்று. பந்து பலகையில் மோதித் திரும்பும் சத்தம் வெடி மாதிரி கேட்டது. செல்வம் மூன்று கோல் அடித்தான், ஒன்று முழங்காலில் நின்றபடி. நான் இருபது பந்தைத் தடுத்தேன். பதினெட்டு என்மேல் வந்து பட்டது, இரண்டை நானே தடுத்தேன். பத்துக்குப் பத்து. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம். கேலரி முழுக்க எழுந்து நின்று பலகையை அடித்துக்கொண்டிருந்தது. பந்து எங்களிடம், எல்லோரும் எதிராளி கோல் பக்கம் போய்விட்டார்கள். இந்தக் கோடியில் நான் மட்டும். கூரை மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தது வரைதான் எனக்குத் தெரியும்.

மிச்சத்தைச் செல்வம் சொல்லித்தான் அறிந்தேன்.

கிடங்கில் இருந்த அத்தனை கண்ணும் அந்தக் கோடியில், செல்வத்தின் குச்சி மேல். டோக்கன் மட்டும் வழக்கம்போல நொடிக்கொரு தரம் ஆணியைப் பார்த்து, தலைகளை எண்ணியிருக்கிறார். ஆணியில் ஆறு வில்லை. தரையில் ஐந்து தலை. கோல் கம்பிக்கு மேலே எப்போதும் பூசணிக்காய் மாதிரி தெரிகிற என் ஹெல்மெட் இல்லை.

பையிலிருந்து போல்ட்டை எடுத்தார். ஒரு தட்டு.

அதே நொடியில் செல்வம் எறிந்த பந்து வலைக்குள் போனது. கேலரி கூரையைப் பிய்த்தது. நடுவர் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார். தட்டு முதலில், கோல் பிறகு. செல்லாது. கோச் டோக்கனைப் பார்த்து என்னவோ கத்திக்கொண்டே போனார், பாதியில் வாயை மூடிக்கொண்டார். டோக்கன் கதவைத் திறந்து தரைக்குள் ஓடிக்கொண்டிருந்தார். வில்லை இல்லாத ஆள் தரையில் கால் வைக்கக் கூடாது என்று கனடாவையே வெளியே நிறுத்தியவர், வில்லை இல்லாமல் ஓடினார், என் கோலை நோக்கி.

நான் வலைக்குள் மல்லாந்து கிடந்தேனாம். நெஞ்சில் 'படுத்தால் எழ மனம் வராது'. கேலரியில் இரண்டொருவர் அதைப் படிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

கண் விழித்தபோது ஹெல்மெட் இல்லை, முகமெல்லாம் தண்ணீர், மேலே டோக்கனின் முகம். கோலைக் கெடுத்த வருத்தமோ வேலை போகிற பயமோ அதில் ஒன்றும் இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஆறு," என்றார். எண்ணி முடித்துவிட்டார்.

சட்டப்படி அவரை வெளியேற்றினார்கள். கிடங்கின் மடக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைச் சோதித்த டாக்டர் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றி, ஆட்டம் முடிந்ததும் ஆஸ்பத்திரி என்று சொல்லி, அதுவரை அசையக் கூடாது என்றார். மிச்சமிருந்த நொடிகள் அதற்குள் ஓடிவிட்டன, ஸ்கோர் பத்துக்குப் பத்தேதான், ஆகவே ஐந்து நிமிஷம் கூடுதல் நேரம். முதல் கோல் அடிப்பவருக்கு வெற்றி. எங்களிடம் வேறு கோல்கீப்பர் இல்லை, கதவுக்கும் ஆள் இல்லை. என் கவசத்தைச் செல்வம் மாட்டிக்கொண்டான். அவன் திரும்பினால் கவசம் திரும்பவில்லை. நான் நாற்காலியோடு கதவடியில் வைக்கப்பட்டேன்.

அப்போதுதான் அந்த வேலையின் கஷ்டம் தெரிந்தது. கட்டுரை எழுதுவதைவிடக் கடினம். நான் போட்ட எண்ணிக்கையை உரக்கக் கத்தினேன், வெளியே நிற்கிறவருக்குக் கேட்க வேண்டுமே. கம்பிக்கு அப்பாலிருந்து திருத்தம் வந்தது.

"அஞ்சு," என்பேன்.

"ஆறு. கோல்கீப்பர யார் எண்றது?"

இன்னொரு தொல்லை. ஆணி ஆறுதான். முதல் ஆணியில் என் வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துவிடலாம்தான். ஆனால் அவர் கையால் தராத வில்லை செல்லுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. செல்வத்தின் வில்லையை என் காதில் மாட்டிக்கொண்டேன்.

யெலஹங்காக்காரன் ஒருவன் தனியாக வந்து எறிந்தான். பந்து செல்வத்தின் மேல் பட்டதா, கவசத்தின் மேல் பட்டதா, எனக்குத் தெரியவில்லை. பந்து காணாமல் போய்விட்டது. நடுவர் தேடினார், எதிராளி தேடினான். செல்வம் ஒரு குலுக்குக் குலுக்கியதும் கால் வழியாக வந்து விழுந்தது. எடுத்து நாலாம் நம்பருக்கு எறிந்தான். முன்பு வேலி தாண்டிய அதே நாலு. இந்தத் தரம் கதவு வழியாகப் போனவன். ஒரே ஓட்டம், ஒரே வீச்சு, கோல்.

நான் எழுந்து குதித்தேன். உடனே மறுபடியும் விழுந்தேன். ஆனால் ஜெயித்துவிட்டோம். டீம் பிழைத்தது. டோக்கனுக்கு விதித்த தண்டனை சீசன் முடியும்வரை. சீசனில் மிச்சம் இருந்ததே அந்த ஐந்து நிமிஷம்தான். கொண்டாட்டத்தின் நடுவே என்னை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். டோக்கன் நிற்காத பக்கத்துக் கதவு வழியாக, வில்லை வாங்காமலே.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வந்த என் மனைவி, கட்டிலருகே நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"வாசல்ல ஒருத்தரு பலகையோட உக்காந்திருக்காரு. பதிமூணு முழிச்சிருச்சான்னு என்னைக் கேக்கறாரு. யாருங்க அது?"

சாயங்கால ரயிலை விட்டுவிட்டு அங்கேயே இருந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் ஆகி நான் நடந்து வந்ததும் எழுந்து நின்றார். பலகையில் ஐந்து ஆணி காலி. ஒன்றில் என் வில்லை. கையை நீட்டினேன். தரவில்லை. வாசல்படியைத் தாண்டி வா என்று சைகை காட்டினார். தாண்டினேன். கழற்றிக் கையில் வைத்தார்.

"இங்கயும் டோக்கன் குடுத்துதான் உள்ள விடறாங்கோ," என்றார் ஆஸ்பத்திரியைத் திரும்பிப் பார்த்து. "ஒழுங்கான இடம்."

நன்றி சொல்ல ஏதோ ஆரம்பித்தேன். அவர் அதற்குள் ஆட்டோவை நிறுத்தி, என்னையும் மனைவியையும் ஏற்றி, ரெண்டு என்று எண்ணி முடித்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போல்ட்டை எடுத்து ஆட்டோவின் கம்பியில் மெதுவாகத் தட்டினார். மூன்று தட்டு.

ஆட்டோக்காரருக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும்.